ருத்ரேஷ் மகந்தப்பாவை எங்கேருந்து பிடிக்கிறது? பாதி ஆல்பம் கண்ணுலயே பட மாட்டேங்குது

கீழ்ஸ்தாயி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டுப் போறவன், இப்பதான் மொதல் தடவையா எழுதுறேன். சாக்ஸபோன்னா எனக்கு கத்ரி கோபால்நாத்துதான், 'டூயட்' படத்துல பிடிச்ச பித்து, அப்புறம் அவரோட கச்சேரி ரெக்கார்டிங் எது கெடைச்சாலும் விடாம கேட்டாச்சு. அப்படித் தேடுறப்போதான் 2008ல வந்த 'கின்ஸ்மென்' மாட்டுச்சு. கத்ரி பேரு இருக்கேன்னு போட்டா, கூடவே ருத்ரேஷ் மகந்தப்பான்னு இன்னொருத்தர் அதே ஆல்ட்டோ சாக்ஸை வெச்சுக்கிட்டு வேற ஏதோ பாஷை பேசுறாரு. மொதல் நாள் எரிச்சலா இருந்துச்சு, யாருய்யா இது நடுவுல பூந்து பூந்துன்னு. மூணாவது தடவை கேக்குறப்போ அந்த ஆளு எப்போ வருவாருன்னு காத்திருக்க ஆரம்பிச்சிட்டேன்.

சரின்னு அவரோட 'கோட்புக்' போட்டேன். கணக்கு பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி ஆயிடுச்சு, மன்னிக்கணும். இப்போ என் பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, எந்த வரிசையில கேக்குறது? ரெண்டு, பியானோ வாசிக்கிற விஜய் ஐயர் ஆல்பத்துல எல்லாம் இவர் வாசிச்சிருக்காருன்னு சொல்றாங்க, ஆனா நான் கேக்குற ஆப்புல இவர் பேரைப் போட்டா அதெல்லாம் வரவே இல்ல. நீங்கள்லாம் இவங்களை எப்படி ஃபாலோ பண்றீங்க?

ரீட்டுக்கடி:
வாங்க வாங்க. ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல சொல்றேன், ஏன்னா அதுதான் நிஜமான கேள்வி. ஜாஸ்ல ஒருத்தரை அவர் பேரு அட்டையில இருக்குற ஆல்பத்தை மட்டும் வெச்சு ஃபாலோ பண்ணவே முடியாது, பாதி வாழ்க்கை அடுத்தவங்க ஆல்பத்துலதான் இருக்கும். ஆப்புக்கு அந்த அறிவு கிடையாது, தலைமை யாரோ அவர் பேருலதான் போட்டு வெக்கும், பின்னாடி வாசிச்சவங்க பேரு எங்கயோ மூணாவது மெனுவுல இருந்தா அதிர்ஷ்டம். எந்த ஆல்பத்துல யார் வாசிச்சாங்கன்னு பட்டியல் போடுற டிஸ்காக்ஸ் வெப்சைட்டுக்குப் போங்க, அங்க ஒருத்தர் பேரைத் தட்டினா அவர் தலைமை ஆல்பம் தனியா, மத்தவங்களுக்கு வாசிச்சது தனியா வரும். அந்த ரெண்டாவது லிஸ்ட்தான் புதையல்.

இவர் விஷயத்துல இன்னொரு சிக்கல், லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடுற கம்பெனி, மாறி மாறி வந்திருக்காரு. 'மதர் டங்', 'கோட்புக்', 'கின்ஸ்மென்', 'ஏபெக்ஸ்' எல்லாம் பை ரெக்கார்டிங்ஸ். 'ஆப்டி' இன்னோவாவுல. அப்புறம் 'சந்தி', 'கமக்', 'பேர்ட் கால்ஸ்' மூணும் ஜெர்மனிக்கார ஏசிடி. 2017ல 'அக்ரிமா' தானே வெளியிட்டாரு. 2020ல 'ஹீரோ ட்ரையோ' வேர்ல்விண்ட்ல. ஒரு லேபிள் பக்கத்தைப் பாத்துட்டு முடிஞ்சுதுன்னு நெனச்சா முக்கால்வாசி போச்சு.

இப்போ வரிசை. வருஷப்படி போகாதீங்க, ஆளைப் பிடிச்சுப் போங்க. உங்களுக்கு 'கின்ஸ்மென்' பிடிச்சிருக்குல்ல, அதுல கிட்டார் யாரு? ரெஸ் அப்பாஸி. கராச்சியில பொறந்து கலிஃபோர்னியாவுல வளந்தவர். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நேரா 'ஆப்டி'க்கு போங்க, சாக்ஸ், கிட்டார், டான் வைஸோட தபலா, மூணே பேர், பேர் இண்டோ பாக் கோயலிஷன். ஒன்பது வருஷம் கழிச்சு அதே மூணு பேர் 'அக்ரிமா'. இதுல டான் வைஸ் தபலாவோட டிரம் செட்டையும் சேத்துக்கிட்டாரு, ருத்ரேஷ் லேப்டாப்பை நுழைச்சிட்டாரு, சத்தமே ரெண்டு மடங்கு பெருசா இருக்கும். அங்கேருந்து அப்பாஸியோட சொந்த ஆல்பங்கள், 'திங்ஸ் டு கம்', 'சுனோ சுனோ', 'அன்ஃபில்டர்ட் யுனிவர்ஸ்', மூணுலயும் ருத்ரேஷும் இருக்காரு விஜய் ஐயரும் இருக்காரு. பாத்தீங்களா, நீங்க தேடின ஐயர் தானா வந்துட்டாரு.

அரையிடம்:
எனக்கு இந்த லேபிள் கணக்கெல்லாம் வராது, கர்நாடக சங்கீதம் பக்கத்துலேருந்து வந்தவங்களுக்காக நாலு வரி.

'கின்ஸ்மென்'ல 'கல்யாணி'ன்னே ஒண்ணு இருக்கு. அதை ஹெட்ஃபோன்ல கேளுங்க. நமக்கு அது பிரதி மத்யமம், ஜாஸ்காரங்களுக்கு அதே ஏழு ஸ்வரம் லிடியன்கிற ஸ்கேல். ஸ்வரம் ஒண்ணா இருந்தாலும் ரெண்டு பேரும் அதை நடத்துற விதம்தான் விஷயம். கத்ரி ஒரு ஸ்வரத்துலேருந்து அடுத்ததுக்கு போறப்போ நடுவுல இருக்குற வழியத்தனையையும் தடவிக்கிட்டே போவாரு. ருத்ரேஷ் பக்கத்துப் பக்கத்துல நின்னு நின்னு குத்துவாரு, ஒவ்வொரு நோட்டுக்கும் ஓரம் இருக்கும். அதான் நீங்க சொன்ன 'வேற பாஷை'. ரெண்டு பேரும் ஒரே வாத்தியம், ஆனா அஞ்சு செகண்டுல யாருன்னு சொல்லிடலாம்.

நாகஸ்வரத்துல துளையை விரலாலயே மூடுறோம், கொஞ்சமா தெறந்து இழைக்கலாம். சாக்ஸ்ல விரலுக்கும் துளைக்கும் நடுவுல கீயும் பேடும் இருக்கு, அமுக்கினா மூடும் விட்டா தெறக்கும், இழையவிடாது. கத்ரியோட அப்பா நாகஸ்வர வித்வான், அந்தக் காது அவருக்கு, அதனால வாத்தியத்தையே கொஞ்சம் மாத்தி வெச்சுக்கிட்டாரு, மிச்சத்தை உதட்டாலயும் மூச்சாலயும் பாத்துக்கிட்டாரு. ருத்ரேஷ் கமகத்தைக் காப்பி அடிக்கப் பாக்கல, அதை எடுத்துட்டுப் போய் தன்னோட வேகத்துல கரைச்சிட்டாரு. அதுனாலதான் இதை ஃப்யூஷன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். மேடையில ஆளுக்கு ரெண்டு ஆவர்த்தனம் வாசிச்சிட்டு கடைசில எல்லாரும் சேந்து ஒரு தீர்மானம் வெச்சு கைத்தட்டு வாங்குற வேலை இல்ல இது. வயலின் கன்யாகுமாரி, மிருதங்கம் பூவலூர் ஸ்ரீஜி, ஒருத்தர் கூட ஒப்புக்குச் சப்பாணி கிடையாது.

இதுக்கெல்லாம் ஆரம்பம் ஒரு கிண்டல்தான். ருத்ரேஷ் பெர்க்லீ மியூசிக் காலேஜ்ல படிச்சிட்டிருந்தப்போ அவங்க அண்ணன் கத்ரியோட 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்' ஆல்பத்தை வெளையாட்டா வாங்கிக் குடுத்தாராம். போட்டுக் கேட்டவர் ஆடிப்போயிட்டாரு.

அடுத்து 'சந்தி' கேளுங்க. கக்கன்ஹைம் ஃபெலோஷிப்னு அமெரிக்காவுல கலைஞர்களுக்குக் குடுக்குற உதவித்தொகையில கர்நாடக சங்கீதம் படிச்சிட்டுப் போய் செஞ்சது. மிருதங்கமும் கஞ்சிராவும் அனந்தா கிருஷ்ணன், பாலக்காடு ரகுவோட பேரன். கூட எலெக்ட்ரிக் பேஸ், எலெக்ட்ரிக் கிட்டார். அந்தக் கணக்கு வழக்கெல்லாம் காலு தாளம் போடுற மாதிரி வரும், பரீட்சை ஹால் மாதிரி இருக்காது.

பேஸ்மட்டும்:
மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். இப்படியே போனா இவரு கர்நாடகமும் ஜாஸும் சேக்குற ஆளு, அவ்ளோதான்னு ஆயிடும். இவர் 1971ல இத்தாலியில பொறந்து கொலராடோவுல வளந்த ஆளு, சார்லி பார்க்கர்ங்கிற ஜாஸ் சாக்ஸ் மேதையைக் கேட்டு சாக்ஸ் கத்துக்கிட்டவர். பார்க்கரை விட்டுட்டு இவரைக் கேக்குறது வேரை விட்டுட்டு கிளையைப் பிடிக்கிற மாதிரி. நேரா 2015ல வந்த 'பேர்ட் கால்ஸ்'.

பார்க்கருக்குப் பட்டப்பேரு 'பேர்ட்'. ஆனா இதுல பார்க்கர் பாட்டு ஒண்ணு கூட அப்படியே இருக்காது. ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு சின்ன எலும்பை எடுத்து அதைச் சுத்தி புது உடம்பு கட்டியிருக்காரு. தலைப்பெல்லாம் கடி ஜோக்கு. 'நவ்ஸ் த டைம்'லேருந்து எடுத்ததுக்கு 'மேபி லேட்டர்'னு பேரு. இப்பவேன்னு அவர் சொன்னா அப்புறம் பாக்கலாம்னு இவர் சொல்றாரு. 'ஸ்டீபிள்சேஸ்'லேருந்து வந்ததுக்கு என்ன பேரு தெரியுமா? 'கோபுரம்'. சர்ச் ஸ்டீபிளைக் கோயில் கோபுரமாக்கிட்டாரு, நான் பஸ்ல தனியா சிரிச்சேன்.

ஒரு வேலை செஞ்சு பாருங்க. பார்க்கர் 'நவ்ஸ் த டைம்' வாசிச்சதுல அவரோட சோலோ வர்ற எடத்தை நாலஞ்சு தடவை கேளுங்க, ராகத்தை விட்டுட்டு தாளத்தை மட்டும், வாயால தட்டத்தட்ட தட்டன்னு சொல்லிப் பழகுங்க. எங்க மூச்சு விடுறாரு, எங்க அவசரப்படுறாரு, எல்லாம். அப்புறம் 'மேபி லேட்டர்' போடுங்க. உங்க வாயில இருக்குற அதே தட்டத்தட்ட வரும், நோட்டு மட்டும் முழுக்க வேற. பார்க்கரோட தாளத்தை அப்படியே வெச்சுக்கிட்டு ஸ்வரத்தை மாத்திட்டாரு. பார்க்கர் அதை 1945லயும் பண்ணியிருக்காரு, 1953லயும் பண்ணியிருக்காரு, ஒண்ணு ஒட்டலேன்னா இன்னொண்ணை வெச்சுப் பாருங்க. எனக்கு மொதல் தடவை அது ஒட்டினப்போ மயிர்க்கூச்செறிஞ்சுது.

அப்புறம் என் பேருக்கு ஏத்த மாதிரி ஒரு வார்த்தை. இவரைத் தொடரணும்னா பேஸ் வாசிக்கிற பிரான்ஸ்வா முத்தானைத் தொடருங்க. 'ஏபெக்ஸ்', 'கமக்', 'பேர்ட் கால்ஸ்', 'ஹீரோ ட்ரையோ' நாலுலயும் அவர்தான். கடைசில சொன்னதுல சாக்ஸ், பேஸ், டிரம்ஸ் மூணே பேர், பியானோவும் இல்ல கிட்டாரும் இல்ல, சொந்தப் பாட்டும் ஒண்ணு கூட இல்ல, எல்லாம் அடுத்தவங்க பாட்டு. ஸ்டீவி வொண்டர் கூட இருக்காரு. ஒளிஞ்சுக்க எடமே இல்லாம வாசிக்கிறப்போதான் ஒருத்தரோட நெசமான தொனி தெரியும்.

ரீட்டுக்கடி:
@பேஸ்மட்டும் ஏபெக்ஸை போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்களே. அதுல பங்கி கிரீன்னு ஒரு பெரியவர், ஆல்ட்டோக்காரர், ருத்ரேஷ் படிக்கிற காலத்துலேருந்து கும்பிட்ட ஆளு. அவரைக் கூப்பிட்டு சரிசமமா நிக்க வெச்சு, பின்னாடி ஜேசன் மோரன் பியானோ, சில பாட்டுக்கு ஜாக் டிஜோனெட் டிரம்ஸ். இதையும் 'கின்ஸ்மென்'னையும் சேத்துப் பாருங்க, ரெண்டுமே தன்னைவிட மூத்த ஆல்ட்டோக்காரர் பக்கத்துல போய் நிக்கிற ஆல்பம். தன்னோட வாத்தியத்தையே வாசிக்கிற பெரியவரைக் கூப்பிட்டு வெச்சுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

அரையிடம்:
சரி, பார்க்கர் வேர்தான், நான் ஒத்துக்குறேன், ஆனா கத்ரி வழியா வந்தவருக்கு கத்ரி வழியாவே கதவைத் தெறந்து விடுறதுல என்ன தப்புங்க? உள்ள வந்தப்புறம் பார்க்கர் எங்க போகப்போறாரு.

கீழ்ஸ்தாயி:
பத்து நாள் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 'ஆப்டி' கேட்டாச்சு, ரொம்பப் பிடிச்சுது. 'மேபி லேட்டர்' பரிசோதனை பண்ணினேன், மொதல் நாள் ஒட்டல, வாயால சொல்லிப் பழகினதே தப்பாப் போச்சு போல, மறுநாள் மெதுவா பண்ணினேன், ஏழெட்டு பார், அதான் தாளக் கட்டம், வரைக்கும் அப்படியே ஒட்டிக்கிட்டே வந்துச்சு பாருங்க, சத்தம் போட்டுட்டேன், வீட்டுல எட்டிப் பாத்தாங்க. 'கோட்புக்' இன்னும் அதே பரீட்சை ஹால்தான், பிட்டு அடிச்சாலும் பாஸாக மாட்டேன்.

அப்புறம் 'மதர் டங்' லிஸ்ட்டைப் பாத்தேன், கன்னடா, குஜராத்தி, கொங்கணி, அதுக்கு நடுவுல 'டமில்'னு ஒண்ணு! இது என்ன கதை?

ரீட்டுக்கடி:
அதுவா! அமெரிக்காவுல இருக்குற இந்தியங்ககிட்ட "நீங்க இந்தியன் பேசுவீங்களா", "ஹிண்டு பேசுவீங்களா"ன்னு கேக்குற கூத்து இருக்குல்ல, அந்தக் கேள்விக்கு பலபேரை அவங்கவங்க தாய்மொழியில பதில் சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணிக்கிட்டாரு. அப்புறம் அந்தப் பேச்சோட ஏத்த இறக்கத்தை அப்படியே நோட்டா எழுதி, அதை வெச்சு பாட்டு கட்டினாரு. 2004ல வந்துச்சு. அதனால அந்த 'டமில்' கேக்குறப்போ ராகம் தேடாதீங்க, யாரோ ஒருத்தர் கொஞ்சம் சலிப்போட "இல்லங்க, அப்படி ஒரு பாஷையே கிடையாது"ன்னு சொல்ற மாதிரி நெனச்சுக்கிட்டு கேளுங்க.

கீழ்ஸ்தாயி:
கேட்டேன். அந்த இழுவை நம்ம இழுவைதான்னு தோணுது, இல்ல நீங்க சொன்னதால தோணுதோ என்னமோ. டிஸ்காக்ஸ்லயும் பூந்துட்டேன், விஜய் ஐயரோட 'பிளட் சூத்ரா', 'ரீஇமாஜினிங்', 'டிராஜிகாமிக்' மூணும் கெடைச்சுது, மூணுலயும் நம்ம ஆளு. ரெண்டு பேர் மட்டும் வாசிச்ச 'ரா மெட்டீரியல்ஸ்' இன்னிக்கு ராத்திரிக்கு வெச்சிருக்கேன். ஒரு சந்தேகம், 'பிளட் சூத்ரா'ல டிரம்ஸ் யாரு, சாக்ஸைக் கேக்க உக்காந்துட்டு முழுக்க அவரையே கேட்டுட்டு இருந்தேன்.

பேஸ்மட்டும்:
டைஷான் சோரி. இப்போ கம்போசரா 2024ல புலிட்சர் வாங்கினாரே அவரேதான். டிஸ்காக்ஸ்ல அவர் பேரை மட்டும் இன்னிக்குத் தட்டாதீங்க, நாளைக்கு ஆபீஸ் போகணும்ல.