கலப்பு அடுக்கின் உயரம்: தில்லியையும் சென்னையையும் ஒப்பிட எந்தத் தரவு பொருந்தும்?

தில்லித் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். வானிலை அல்லது காற்று மாசு ஆய்வில் பணிபுரிவோர் இக்குழுவில் இருந்தால், என் முதுகலை ஆய்வுக்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிலத்தை ஒட்டிய காற்று மேலும் கீழுமாகப் புரண்டு, புகையையும் தூசியையும் கலக்கும் அடுக்கே கலப்பு அடுக்கு. அதன் உயரம் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுவதை ஒப்பிட்டு வருகிறேன். தில்லியில் மே மாதப் பிற்பகலில், வறண்ட மண் தான் பெற்ற வெப்பத்தைப் பெரும்பாலும் காற்றுக்கே கொடுத்துவிடுவதால், இவ்வடுக்கு 2 கிலோமீட்டரையும் தாண்டி எழுகிறது. மழைக்காலத்தில் ஈரமண்ணும் மேகமும் அதைத் தாழ்த்துகின்றன. ஜனவரி இரவுகளிலோ குளிர்ந்த தரைக்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர, 100, 200 மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் தாழ்ந்த அடுக்குக்குள் புகை தேங்கிவிடுவதால், நவம்பர் முதல் நாம் மூச்சுத்திணறுவதற்கு வைக்கோல் எரிப்பை மட்டும் குறைசொல்வது முழுமையாகாது என்பது என் எண்ணம். சென்னையில் கடற்காற்று புகுந்ததும் கரையோரத்தில் அடுக்கின் வளர்ச்சி தடைபடுகிறது.

சிக்கல் தரவில்தான் உள்ளது. வானிலை பலூன்களின் வழக்கமான அளவீட்டு நேரங்கள் காலை 5.30, மாலை 5.30 மணி, அடுக்கின் உச்ச உயரமோ பிற்பகலில் வருகிறது. காலை அளவீட்டை அன்றைய உச்ச வெப்பநிலையோடு இணைத்து அந்த உயரத்தைக் கணக்கிடும் ஹோல்ஸ்வொர்த் முறையைத் தில்லிக்கு ஏற்கலாம். கடற்காற்று குறுக்கிடும் சென்னைக்கு அதை நம்பத் தயக்கமாக உள்ளது. அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்கிய ஈஆர்ஏ5 (ERA5) என்னும் வானிலைத் தரவுத்தொகுப்பு மணிக்கொரு மதிப்பைத் தந்தாலும், சுமார் 31 கிலோமீட்டர் கட்டத்தில் கடலும் கரையும் கலந்துவிடுகின்றன.

இரு நகரங்களுக்கும் ஒரே முறையைக் கையாள வேண்டுமா? ஒளிக்கற்றையை மேலே செலுத்தி அடுக்கின் உயரத்தை அறிய உதவும் சீலோமீட்டர் அல்லது லைடார் கருவிகளின் பதிவுகளை மாணவர்கள் பெற யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? அறிந்தவர்கள் தெரிவித்தால், தரவுப் பகுதியை எழுதத் தொடங்குவேன்.