கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் ஸ்விங் தெரிந்த பாஸ் கிட்டார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் உண்டா?

வணக்கம். கும்பகோணத்தில் கர்நாடக இசை படித்த பிள்ளைகளுக்கு ஜாஸ் பியானோ சொல்லித்தருகிறோம். ஓர் அடிக்குள் முதல் நோட்டு நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் வரும் ஜாஸ் நடைதான் ஸ்விங். அதைத் திஸ்ர நடையில், அதாவது அடியை மூன்றாகப் பிரித்து, தொடங்குகிறோம்: 'தகிட'வில் 'த', 'ட' இரண்டும் விரலுக்கு, 'கி' மனசுக்குள். இரண்டு நோட்டின் நீளமும் 2:1 என்று வரும்.

நிமிடத்துக்கு 100 அடி வேகம் வரை அழகாக வருகிறது. 180ஐத் தாண்டினால் அதே 2:1 கணக்கைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறார்கள். வேகம் கூடக்கூட ஓர் அடிக்குள் வரும் இரண்டு நோட்டுகளும் ஏறக்குறைய சமமாகிவிட வேண்டும். அப்போது ஸ்விங்கைத் தாங்குவது அழுத்தம்தான்: இரண்டாவது நோட்டை லேசாக அழுத்தி, விரலை எடுக்காமல் அடுத்த அடியோடு ஒட்ட வேண்டும். தட்டு விழும் இடத்திலேயே அழுத்திப் பழகிய கைக்கு இது எளிதில் வராது.

மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) 90இல் வைத்து, அந்தச் சத்தத்தை நாலடிச் சுற்றின் 2, 4ஆம் அடிகளாகக் கேட்கச் சொல்கிறோம். இடது கை கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மாற்றும்போது அது 1, 3க்கு நழுவிவிடுகிறது.

நாலு அடியும் ஒரே சீராக வாக்கிங் பாஸ் (அடிக்கு ஒரு நோட்டாக நடக்கும் பாஸ்) வாசிப்பவரும், 2, 4இல் ஹை-ஹாட் (காலால் மூடும் ஜோடித் தட்டு) மூடும் டிரம்மரும் ஞாயிறு காலையில் கூட வாசிக்க வருவீர்களா? மிருதங்கக்காரர்களிடம் இன்னொன்று: திஸ்ரத்தைப் படிப்படியாகத் தளர்த்திச் சமநடைக்குக் கொண்டுபோகும் பயிற்சி ஏதாவது இருந்தால், சொற்கட்டோடு எழுதுங்கள்.