இஸ்தான்புல்லில் முதல் நாள்: போய் வந்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் நானும் மனைவியும் இஸ்தான்புல் போகிறோம். காலையில் விமானம் இறங்கும் நாள் செவ்வாய்க்கிழமை. அன்று டோப்காபி அரண்மனைக்கு விடுமுறை என்பதால் நீல மசூதி, தேவாலயமாக இருந்து மசூதியான ஹாகியா சோபியா, அருகிலேயே நிலத்தடி நீர்த்தேக்கம் என்று நடந்தே பார்க்க நினைக்கிறோம்.

ஹாகியா சோபியாவில் சுற்றுலாப் பயணிகளை மேல்மாடத்துக்கு மட்டும்தான் விடுகிறார்களாம். பழைய மொசைக் ஓவியங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. கி.பி. 537-இல் கட்டி முடித்த கட்டடம், அவசரமாகப் பார்க்க மனசில்லை. கூட்டம் எப்போது குறையும்? மதியத் தொழுகை நேரத்தில் நீல மசூதிக்குள் விடமாட்டார்கள், அதனால் எதை முதலில் பார்ப்பது?

சாயங்காலம் எமினோனூ படகுத்துறையில் படகேறி, பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து நகரின் ஆசியப் பக்கத்திலுள்ள காடிக்கோய் போய்ச் சாப்பிடலாம் என்று ஆசை. மனைவி சுத்த சைவம். ஆலிவ் எண்ணெயில் செய்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகள் கிடைக்கும் என்று படித்தோம். ஆனால் பருப்பு சூப்பில் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்ப்பார்களாமே, அதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? நம்பிப் போகக்கூடிய உணவகம் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், இரவு பயணம் முடித்த களைப்பில் இதெல்லாம் ஒரே நாளில் முடியுமா, இல்லை படகை மறுநாளுக்குத் தள்ளிவிடலாமா?