கூட்டு வீட்டுக்கடன்: கணவன் மனைவி பிரியும்போது வீட்டை விற்பதா, ஒருவர் பெயருக்கு மாற்றுவதா?

தராசு:
"வீடும் கடனும் கணவருக்கு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் மனைவி கடனிலிருந்து விடுபட்டார் என்று நினைக்கிறார்கள். இல்லை. அந்த ஒப்பந்தத்தில் வங்கி ஒரு தரப்பே கிடையாது. கடன் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து இருந்தால், தவணை நின்றதும் இருவரையும் கேட்கும். பாதியை அல்ல, முழுத்தொகையை. அதனால் என் கட்சி இதுதான்: விற்று, அடைத்து, மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வரவுசெலவு:
வங்கியைப் பற்றிச் சொன்னது சரி. அதற்கு விற்பனைதான் மருந்து என்பதை ஏற்க மாட்டேன். அவசரமாக விற்றால் விலை இறங்கும். தரகும் வரியும் தனி. பிள்ளைகளும் இடம் மாற வேண்டும். வைத்துக்கொள்பவர் தன் பெயரில் புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைக்கட்டும். வீட்டு மதிப்பு 100, பாக்கிக் கடன் 60 என்றால் மிச்சம் 40. சரிபாதி என்றால் மற்றவருக்கு 20. ஆக, தேவைப்படும் கடன் 80. 60 என்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். அந்த 20-ஐச் சேமிப்பிலோ ஓய்வூதிய நிதியிலோ ஈடுகட்டினால் 60 போதும்.

தராசு:
இரண்டு சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த கடன் அது. ஒற்றைச் சம்பளத்துக்கு 80 கிடைக்குமா? ஈடுகட்டுவதும் நேர்க்கணக்கு அல்ல. ஓய்வூதிய நிதியை எடுக்கும்போது பல நாடுகளில் வரி உண்டு. அங்கே 20 என்பது கைக்கு 20 ஆக வராது. இரண்டு பக்கமும் வரி போக நிற்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

கடைசித்தவணை:
இருவரும் வீட்டையே பார்க்கிறீர்கள். கூட்டு கிரெடிட் கார்டு, ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் வசதி) எல்லாவற்றிலும் புதுச் செலவை முதலில் நிறுத்துங்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே தேதியின் பாக்கியை எடுங்கள். துணையின் தொழிலுக்குப் போட்ட ஜாமீன், கடன் பட்டியலில் தெரியாமல் போகலாம். அதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வரவுசெலவு:
ஒற்றைச் சம்பளம் போதுமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கையெழுத்துக்கு முன் வங்கியின் முன் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் காலக்கெடு போடுங்கள், 90 நாள் என்று வையுங்கள். தவறினால் வீடு விற்பனைக்கு. தரகரை யார் நியமிப்பது, எந்த விலைக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அதிலேயே. இதையெல்லாம்விட முக்கியம் விடுதலைப் பத்திரம், அதாவது வீட்டில் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். அதை முன்னாடியே எழுதிக் கொடுத்தால் வீட்டில் பெயர் போய்விடும், கடனில் பெயர் நிற்கும். பழைய கடன் முடியும் அதே நாளில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

தராசு:
முன் ஒப்புதல் கையில் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. அது இல்லாமல், "தவறினால் நான் ஈடு தருவேன்" என்ற உறுதிமொழியை மட்டும் நம்புவதைத்தான் எதிர்க்கிறேன். அது பின்னால் வழக்குப் போடும் உரிமை, அவ்வளவுதான். அவரிடம் பணம் இல்லையென்றால் வழக்கில் ஜெயித்தும் வசூலாகாது.

கடைசித்தவணை:
அந்த 90 நாளுக்கான தவணை யார் பொறுப்பு என்பதையும் சேருங்கள். குடியிருப்பவர் கட்டினால் வட்டியை வாடகைக்குச் சமமாக வைக்கலாம். அசலில் குறைந்த தொகை அவருக்கு வரவா, இருவருக்கும் பொதுவா என்பதை இப்போதே எழுதாவிட்டால், 60 என்பது 59 ஆன அன்றே அடுத்த தகராறு.