மான்ட்ரியல் ரிஸுட்டோ எந்தப் பக்கம்: நியூயார்க்கா, சிசிலியா?

மாட்டுங்கா லேபர் கேம்ப்:
கனடாவின் மான்ட்ரியல் மாஃபியா கும்பலான ரிஸுட்டோ குடும்பத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். அதன் தலைவர் விட்டோ ரிஸுட்டோவை எஃப்.பி.ஐ. நியூயார்க் மாஃபியாவின் பொனான்னோ குடும்பத்து ஆள் என்றே எழுதி வைத்திருந்தது. கனடா போலீஸைக் கேட்டால் மான்ட்ரியலில் தனி ராஜ்ஜியம் நடத்தியவர் என்கிறார்கள். பூர்வீகமோ சிசிலியில் கத்தோலிக்கா எரக்லேயா. ஒரே ஆள் எத்தனை பேருக்குத்தான் கட்டுப்படுவார்? தகராறு என்று வந்தால் யார் பக்கம் நிற்பார்? நம்ம மும்பைக் கதையோடு ஒப்பிட்டுச் சொன்னாலும் சரி.

செம்பூர்க்காரன்:
நியூயார்க் கூப்பிட்டால் ரிஸுட்டோக்கள் போனார்கள், அது உண்மை. 1981 மே மாதம் பொனான்னோவுக்குள் கோஷ்டிச் சண்டை முற்றி, எதிர்க்கோஷ்டியின் மூன்று கேப்டன்களை (தனித்தனிக் குழுக்களின் தலைவர்களை) பேச்சுவார்த்தை என்று புரூக்ளினுக்கு வரவழைத்துச் சுட்டுத் தள்ளினார்களே, அதற்குப் போன ஆட்களில் விட்டோவும் உண்டு. 2007இல் கோர்ட்டில் அவரே ஒப்புக்கொண்டார்: உள்ளே நுழைந்து 'கொள்ளை!' என்று சத்தம் போட்டு எல்லாரையும் அசையாமல் நிற்க வைப்பதுதான் அவர் வேலையாம். பத்து வருஷம் சிறை விதித்தார்கள்.

உறவு கெட்டது 1999இல். இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருந்த ஜெர்லாண்டோ ஷாஷா, ரிஸுட்டோக்களின் சொந்த ஊர்க்காரர், பொனான்னோவில் கேப்டன். தலைவர் மாசினோவுக்கு வேண்டிய ஒரு கேப்டன் கொக்கெயின் அடிக்கிறான் என்று புகார் சொல்லப்போய், மாசினோ சொல்லி ஷாஷாவையே முடித்துவிட்டார்கள். அப்புறம் மாசினோவின் மச்சானே மான்ட்ரியல் போய் கேப்டன் பதவி தருவதாகச் சொல்லியும் விட்டோ பிடிகொடுக்கவில்லை. கொன்றது ஊர்க்காரனை, பதவி யாருக்கு வேண்டும்?

சயான் கோலிவாடா:
இதோடு மொண்டாக்னா கதையையும் சேர்த்துப் படிங்க. மான்ட்ரியலில் பிறந்தவர், நியூயார்க்கில் பொனான்னோவின் தற்காலிகத் தலைவர். 2009இல் அமெரிக்கா கனடாவுக்கு நாடு கடத்தியது. விட்டோ அமெரிக்கச் சிறையில் இருந்த நேரம் அது, மகனும் அப்பாவும் அடுத்தடுத்து கொல்லப்பட்டு வீடே காலியாகிக் கிடந்தது. மொண்டாக்னா நியூயார்க் செல்வாக்கில் மான்ட்ரியலைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தார் போல. 2011 நவம்பரில் ஆற்றங்கரையில் சுட்டுவிட்டார்கள். அங்கே தலைவர் என்பது இங்கே செல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒப்பிடணும்னா சோட்டா ராஜன் இருக்கிறாரே. திலக் நகர் சஹகார் தியேட்டரில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர், துபாயில் தாவூத் பக்கத்திலேயே இருந்தார், 93 குண்டுவெடிப்புக்கு அப்புறம் எதிரி. 2000இல் பாங்காக் வரை தேடிப் போய்ச் சுட்டார்கள்.

செம்பூர்க்காரன்:
ராஜனை இதில் இழுக்காதீங்க. அவர் ஒரு முதலாளியை விட்டு வெளியே வந்தவர், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் கால் வைத்தவர் இல்லை.

மாட்டுங்கா லேபர் கேம்ப்:
சரி, அப்போ கடைசியில் ஊரும் ரத்தமும்தான் ஜெயிக்கும் என்கிறீர்களா?

சயான் கோலிவாடா:
முழுசா அப்படியும் சொல்ல முடியாது. மொண்டாக்னா கொலைச் சதியில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ரேனால்ட் தேஜார்டென். பிரெஞ்சுக்காரர் வம்சம், இத்தாலியர் இல்லாததால் மாஃபியாவில் முழு உறுப்பினராவதற்கான சத்தியப்பிரமாணமே எடுக்க முடியாதவர். முதலில் விட்டோவுக்கு வலது கை, பிறகு மொண்டாக்னாவோடு கூட்டு, அதன்பின் அவரையே முடிக்கிற சதி. இவர் யாருடைய ஆள் என்று சொல்லுங்க பார்ப்போம்.