புதுப்பிப்பு: மாமாவின் நுரையீரல் பூஞ்சைத் தொற்று

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட மாமாவுக்கு நுரையீரலில் பூஞ்சைத் தொற்று, ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள், மாத்திரையாகத் தர முடியாதா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது நிலைமை பரவாயில்லை.

பரிசோதனையில் அது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை என்று தெரிந்தது. பலர் சொன்ன ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து இதற்கு வேலை செய்யாதாம். அதனால் வோரிகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்துக்கு மாற்றினார்கள், முதலில் ஊசியாக, அப்புறம் மாத்திரையாக. ஆம்போடெரிசினால் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறிக்கொண்டிருந்தது, பொட்டாசியம் குறைந்தது. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு அது பெரிய கவலை.

ஆனால் புது மருந்தும் லேசுப்பட்டதல்ல. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க மாமா போடும் டாக்ரோலிமஸை உடல் சிதைத்து வெளியேற்றுவதை இது தடுக்கிறது, ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். அதனால் அந்த மாத்திரையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ரத்தத்தில் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள். வோரிகோனசோலின் அளவையும் பார்க்கிறார்கள். ஒரே டோஸ் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி ரத்தத்தில் ஏறுமாம். கல்லீரல் பரிசோதனை தனி.

மாத்திரை போட்ட அரை மணியில் வெளிச்சம் கூசுகிறது, நிறங்கள் மாறித் தெரிகின்றன என்று மாமா பயந்துவிட்டார். தெரிந்த பக்கவிளைவுதான், சிறிது நேரத்தில் போய்விடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்! சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போட வேண்டும், வெயிலில் அலையக் கூடாது.

குறைந்தது 6 முதல் 12 வாரம் என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடர்வதால் இன்னும் நீளலாம். அடுத்த சிடி ஸ்கேனுக்குக் காத்திருக்கிறோம்.