ஹைப்ரிடோமாவுக்குச் சீரம் குறைப்பது படிப்படியாகவா, ஒரேயடியாகவா?

பாளை மாணவி:
எலியின் மண்ணீரல் செல்லையும் மைலோமா என்ற புற்றுச் செல்லையும் இணைத்து வந்த, ஆன்டிபாடி சுரக்கும் ஹைப்ரிடோமா ஒன்றை 10% கன்றுக்கரு சீரத்தில் (மாட்டுக் கருவின் இரத்த நீரில்) வளர்க்கிறேன். ஆன்டிபாடியைச் சீரப் புரதம் கலக்காமல் சுத்திகரிக்க வேண்டும், அதனால் சீரத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். மெதுவாக இறக்கவா, நேராகச் சீரம் இல்லாத மீடியாவில் (வளர்ப்புத் திரவத்தில்) போடவா?

அபிஷேகப்பட்டி அண்ணாச்சி:
நேராகப் போடாதீங்க தங்கச்சி. அல்புமின், டிரான்ஸ்ஃபெரின், இன்சுலின், கொழுப்பு எல்லாம் சீரத்தில் இருந்துதான் செல்லுக்குக் கிடைக்கிறது. 10, 5, 2.5, 1 என்று இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புது மீடியாவுக்கு மாற்றுவது). செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபான் புளூ சாயத்தில் பார்த்து 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் அடுத்த படி. வழக்கத்தைவிட அடர்த்தியாக விதையுங்கள். ஒவ்வொரு படியிலும் சில சிறு குப்பிகளில் செல்லை எடுத்துத் திரவ நைட்ரஜனில் போட்டு வைத்தால், எங்கே சறுக்கினாலும் அங்கிருந்தே தொடரலாம். சித்திரை வெயிலில் கரண்ட் போய்ப் போய் வரும் வாரத்தில் மட்டும் படி மாற்ற வேண்டாம்.

ஜங்ஷன்காரன்:
அண்ணாச்சி சொல்வது பழைய பாடம். இன்று கடையில் வரும் சீரமில்லா மீடியாவில் இன்சுலினும் டிரான்ஸ்ஃபெரினும் ஏற்கெனவே உண்டு. பல ஹைப்ரிடோமாக்கள் நேரடி மாற்றத்தைத் தாங்கும். குற்றாலத்தில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் குளிர் அதிகம்.

அபிஷேகப்பட்டி அண்ணாச்சி:
தாங்கும், ஆனால் எது தாங்கும்? இணைத்த மைலோமா செல் எந்த வகை என்று தங்கச்சி சொல்லவே இல்லையே. என்எஸ்0 என்றால் கொலஸ்டிராலைத் தானே செய்துகொள்ளாது, மீடியாவில் தனியாகக் கொடுக்க வேண்டும். எஸ்பி2/0 என்றால் வேறு கதை.

தென்காசிச் சாரல்:
இரண்டு பேரும் உயிருள்ள செல்லை மட்டும் எண்ணுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஹைப்ரிடோமாவில் சில செல்கள் குரோமோசோமை இழந்து ஆன்டிபாடி சுரப்பதை நிறுத்திவிடும். அந்தச் சுமை இல்லாததால் அவை பெரும்பாலும் வேகமாகப் பெருகும். சீரம் குறையும் நெருக்கடியில் அவை முந்திவிட்டால் பிளாஸ்க் நிறைய ஆரோக்கியமான செல் இருக்கும், ஆன்டிபாடி இருக்காது. படிக்குப் படி எலைசா (ஆன்டிபாடி அளவைக் காட்டும் சோதனை) வையுங்கள். அளவு இறங்கினால் லிமிட்டிங் டைல்யூஷன் (குழிக்கு ஒரு செல் வருமளவு நீர்த்தல்) செய்து மறுபடி ஒற்றைச் செல்லில் இருந்து எடுங்கள்.

ஜங்ஷன்காரன்:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! மெதுவாக இறங்க இறங்கப் பாசேஜ் கூடும், சுரக்காதவை முந்த அவகாசமும் கூடும்.

தென்காசிச் சாரல்:
ஒரேயடியாக மாற்றினால் பெரும்பகுதி செத்து, மிச்சம் கொஞ்சம்தான் பெருகக்கூடும். அந்த மிச்சத்தில் எது இருக்கும் என்று யார் கண்டது? அது இன்னும் மோசம்.

பாளை மாணவி:
எஸ்பி2/0தான். 1 சதவீதத்திலேயே நின்றுவிட்டால் போதாதா?

அபிஷேகப்பட்டி அண்ணாச்சி:
சாதாரண எலைசாவுக்குப் போதும். ஆன்டிபாடியைப் பிடித்துப் பிரிக்கும் புரோட்டீன் ஜி குழாயில் (column) ஏற்றுவதானால், சீரத்தில் இருக்கும் மாட்டு ஆன்டிபாடியான ஐஜிஜியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஐஜிஜி குறைத்த சீரம் விற்கிறார்கள், அதை வாங்கினால் 1 சதவீதத்தில் நிற்கலாம். முழுக்க விட்டுவிடுவதானால் ஆன்டிபயாட்டிக் அளவையும் குறைத்துவிடுங்கள். அதைப் பிடித்து வைக்கச் சீரப் புரதம் இல்லாதபோது பழைய அளவே செல்லைக் கொல்லலாம்.

ஜங்ஷன்காரன்:
சரி, படிப்படியாகவே இறக்குங்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்கை நேரடியாகவும் போட்டு, இரண்டின் எலைசா எண்ணையும் இங்கே போடுங்கள். அண்ணாச்சிக்கு அப்புறம் பதில் சொல்கிறேன்.